தன்னிரக்கம் என்கிற கெட்ட வார்த்தை

நம் விமர்சகர்களின் கையில் ஒரு பிரம்பு இருக்கிறது. அதற்குப் பெயர் தன்னிரக்கம். இருபது வயதுப் பெண் ஒருத்தி முதன்முதலாக எழுதிய கவிதையை இலக்கியச் சந்திப்பில் வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா தன்னிரக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. எந்த வரி பொய் சொல்கிறது, எந்த உவமை இரவல் வாங்கியது என்று எடுத்துச் சொல்ல உழைக்க வேண்டும். தன்னிரக்கம் என்று சொல்ல எந்த உழைப்பும் வேண்டாம். கேட்டவரும் மறுபேச்சுப் பேச முடியாது. பேசினால் அதுவும் தன்னிரக்கம்தானே!

மலேசியத் தமிழ் எழுத்துக்கு இந்தப் பிரம்படி இன்னும் கூடுதல். தோட்டத்தைப் பற்றி எழுதினால் புலம்பல். வேலை கிடைக்காததைப் பற்றி எழுதினால் புலம்பல். அப்பாவின் குடியைப் பற்றி எழுதினால் "இன்னும் எத்தனை நாளைக்குடா இதையே எழுதுவீங்க?" மோசமான அழுகைக் கதைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஆனால் அவை மோசமாகப் போனதற்குக் காரணம் அழுகை அல்ல. கண்ணீர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டதுதான் காரணம். அழும் ஆளை முழுசாகப் பார்த்து எழுதப்பட்ட கதையை வாசித்து யாரும் தன்னிரக்கம் என்று சொல்வதில்லை. அங்கே குறைந்தது பார்வை. கூடிப்போனது இரக்கம் என்று நாம் தப்பாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறோம்.

இது இலக்கியச் சண்டையாக மட்டும் இருந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். அந்தப் பிரம்பு தாளைவிட்டு இறங்கி வாழ்க்கைக்கு வந்துவிட்டது. என் வயது ஆட்கள், இருபதுகளின் கடைசியில் இருப்பவர்கள், தங்களைத் தாங்களே அதால் அடித்துக்கொள்கிறார்கள். "ரொம்ப டயர்டா இருக்குடா" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே "சரி விடு, ஓவரா ஃபீல் பண்றேன்" என்கிறார்கள். களைப்பைச் சொல்வதற்கே மன்னிப்புக் கேட்கிற தலைமுறை இது. அந்த மன்னிப்புக்கு எதிரானது இந்தக் கட்டுரை.

*

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் செல்ஃப் பிட்டி வேறு, செல்ஃப் கம்பேஷன் வேறு. தமிழுக்குக் கொண்டுவந்தால் இரண்டும் இரக்கம் என்ற ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. தற்கருணை, தன்பரிவு, சுய இரக்கம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்க்கிறார்கள். காதில் விழுவது என்னவோ பழைய தன்னிரக்கம்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேறுபாடு சின்னதும் இல்லை.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003ல் இந்தக் கருத்தை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தார். பௌத்தப் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொண்டதாக அவரே சொல்கிறார். மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒன்று, தோற்றுப்போன நேரத்தில் நம்மைத் திட்டாமல் கனிவாக நடத்துவது. இரண்டு, இந்தத் தோல்வியும் வலியும் மனுசனாகப் பிறந்த எல்லோருக்கும் பொது என்று உணர்வது. மூன்று, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் அது இருக்கிற அளவில் பார்ப்பது.

அந்த இரண்டாவதைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். தன்னிரக்கம் "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கும். தன்மேல் பரிவு "எனக்கும்" என்று சொல்லும். பள்ளிக்கூடத்தில் எச்ச உம்மை படித்திருப்போம். 'நானும் வந்தேன்' என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார் என்று பொருள். அந்த ஓர் 'உம்'தான் வேறுபாடு. 'மட்டும்' கதவைச் சாத்தும், 'உம்' திறந்துவிடும். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அடிக்கிற விமர்சனத்துக்கு மொழிகூடச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

"இதெல்லாம் ஆளைச் சோம்பேறி ஆக்கிடும்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. 2012ல் ஜூலியானா பிரெய்ன்ஸ், செரீனா சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். கடினமான ஒரு தேர்வில் மாணவர்களைத் தோற்கவைத்து, ஒரு பிரிவினரை அந்தத் தோல்வியைப் பரிவோடு பார்க்கும்படி தூண்டினார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தது அந்தப் பிரிவுதான். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த சோதனை. நெஃப்பின் 26 கேள்வி அளவுகோலிலும் பாதிக் கேள்விகள் சுயகண்டனம் போன்ற எதிர்மறைகளையே அளக்கின்றன, அதனால் அது எதை அளக்கிறது என்று உளவியலாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. சரி, அது நடக்கட்டும். ஆனால் திட்டினால்தான் ஆள் உருப்படுவான் என்று சொல்கிறவர்கள் இந்த அளவு ஆதாரத்தையாவது கொண்டுவரட்டும். அவர்களிடம் இருப்பது "நாங்கல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்" என்ற ஒரே வரி.

*

எப்படி வளர்ந்தோம்? அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்கு வந்தது கங்காணி முறையில். தோட்டத் துரையிடம் உரிமமும் பணமும் வாங்கிக்கொண்டு கங்காணி தன் சொந்த ஊருக்கே திரும்பிப் போவான். சொந்தக்காரர்களையும் சாதிக்காரர்களையும் திரட்டிக் கப்பலேற்றுவான். 1938ல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும்வரை இது நடந்தது. கங்காணி ஆள் கொண்டுவந்ததோடு போய்விடவில்லை, தோட்டத்தில் மேற்பார்வை செய்ததும் அவன்தான். விடியுமுன் பெரட்டில் ஆட்களை நிறுத்தி எண்ணியதும், உடம்பு சரியில்லாதவனை லயத்திலிருந்து கிளப்பியதும் அவன்தான். ஏன் கிளப்பினான்? கெட்டவன் என்பதாலா? இல்லை. அன்றைக்கு வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு உண்டு. காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறவனால் அவனுக்கு நட்டம். அதனால் காய்ச்சலைச் சோம்பேறித்தனம் என்றான். சோம்பேறி என்ற வசை அங்கே ஒரு வருமானம்.

கங்காணி வெள்ளைக்காரன் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. நம் ஆள், நம் மொழியில் பேசியவன், உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டவன். அதனால்தான் அந்தக் குரல் இவ்வளவு சுலபமாக வீட்டுக்குள் வந்தது. தோட்டம் போய்விட்டது. ஜொகூரில் ரப்பர் காடாகவும் எண்ணெய்ப் பனைக் காடாகவும் கிடந்த இடங்களில் இன்று வீடமைப்புகளும் தரவு மையங்களும் நிற்கின்றன. கூலாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கங்காணியின் குரல் மட்டும் போகவில்லை. பாட்டி அதை அப்பாவிடம் கொடுத்தார், அப்பா நம்மிடம் கொடுத்தார். "படுத்துக் கெடந்தா யாரு சோறு போடுவா?" "நம்மளுக்கெல்லாம் சீக்கு வரக்கூடாது." "அவனப் பாரு, உன்னையும் பாரு." இதை வரலாற்று ஆதாரத்தோடு நிறுவ முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. உலகத்தில் எல்லா ஏழை வீட்டிலும் இப்படிப் பேசுகிறார்கள் என்பதும் உண்மைதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உனக்குள் இருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கொடுப்பது யார்? நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுந்து போகிற ஒவ்வொரு காலையிலும் லாபம் யாருக்குப் போகிறது?

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். 1924ல் திறந்த, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள அந்தப் பாலத்தை நாளொன்றுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டாரில் போய் வரிசையில் நிற்கிறார்கள். மழை பெய்தால் மழைக்கோட்டோடு அங்கேயே நிற்பார்கள். இரவு வீட்டுக்கு வர ஒன்பது, பத்து ஆகிவிடும். அந்தப் பக்கம் வேலை செய்யும் என் நண்பன் சொன்னான்: "மச்சான், நான் சோம்பேறி ஆயிட்டேன்டா. லீவு நாள்ல எந்திரிக்கவே முடியல." ஆறு நாள் தூக்கத்தை ஏழாவது நாள் உடம்பு கேட்கிறது. அதற்கு அவன் வைத்த பெயர் சோம்பேறித்தனம். பாலத்தில் அவன் நிற்கும் நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனால் அந்தக் களைப்புக்கான பழியை மட்டும் அவனே ஏற்றுக்கொள்கிறான்.

*

சட்டத்துக்கும் இந்தக் குரல் இருந்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தன் உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உயிரோடு இருப்பதே பாரம் என்று உடைந்துபோனவனை மருத்துவமனைக் கட்டிலில் வைத்துப் போலீஸ் விசாரிக்கலாம். இந்தப் பிரிவு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. எண்கூட மாறவில்லை. இந்தியாவிலும் 309, சிங்கப்பூரிலும் 309, இங்கேயும் 309. எழுதிக் கொடுத்த பிரிட்டன் தன் நாட்டில் 1961லேயே இந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020 ஜனவரியில் நீங்கியது. நாம் 2023 வரை வைத்திருந்தோம். அந்த ஆண்டு மே மாதம் நீக்கத்துக்கு மக்களவை ஒப்புதல் தந்தது, செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இறங்கி வந்துவிட்டது. நம் வீடுகளில் 309 இன்னும் அமலில்தான் இருக்கிறது. மனம் உடைந்தவனிடம் நாம் முதலில் கேட்பது "என்ன கொறச்சல் உனக்கு?" என்றுதானே? அது விசாரணை, நலம் விசாரிப்பு அல்ல. 2019ல் இந்நாட்டின் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்ததாகத் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது 4.6 விழுக்காடு. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். பத்து லட்சம் பேருக்கும் மனவுறுதி இல்லை என்று சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் அந்த உறுதியால் யாருக்கு என்ன லாபம் என்றும் சொல்லுங்கள்.

(இதை வாசிக்கும் யாராவது இப்போது அந்த விளிம்பில் இருந்தால், கட்டுரையை அப்புறம் வாசித்துக்கொள்ளலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. விசாரிக்க மாட்டார்கள், கேட்பார்கள்.)

*

இதுவரை நான் சொன்னதை வைத்து, நான் அந்தப் பக்கத்து ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பக்கம் என்றால் வாசனை மெழுகுவர்த்தி, நன்றியறிதல் நாட்குறிப்பு, "உன்னை நீ நேசி" என்று மாலைச் சூரியன் படத்தின் மேல் எழுதிய வாசகம். எனக்கு இரண்டாவது சண்டை அவர்களோடுதான்.

நான் பாசிர் கூடாங்கில் பராமரிப்புப் பொறியாளர். எங்கள் இடத்தில் ஒரு முறை மனநல உரை வைத்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்தவர்களையும் உட்காரவைத்தார்கள். பேச வந்தவர் நல்ல மனுசர்தான். கண்ணை மூடச் சொன்னார், நெஞ்சில் கையை வைக்கச் சொன்னார், "எனக்கு நான் அன்பாக இருக்கிறேன்" என்று மனசுக்குள் சொல்லச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஆப்பரேட்டர் அண்ணன் கண்ணை மூடியவர் திறக்கவில்லை. தூங்கிவிட்டார். அந்த அறையிலேயே தன்மேல் உண்மையான பரிவு காட்டிய ஆள் அவர் ஒருவர்தான். உரை முடிந்தது, பொட்டலத்தில் நாசி லெமாக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஆள் பற்றாக்குறையால் பன்னிரண்டு மணிநேரம் ஓடிக்கொண்டிருந்த ஷிப்ட் மறுநாளும் பன்னிரண்டு மணிநேரம்தான் ஓடியது.

இந்த உரைகள் நெஃப் சொன்ன மூன்றில் ஒன்றையும் மூன்றையும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை நைசாகக் கழற்றிவிடுகின்றன. கனிவாக இரு, கவனமாக மூச்சு விடு. சரி, அந்த 'உம்' எங்கே? பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் இதே முதுகுவலி, இதே தூக்கமின்மை என்று தெரிந்துவிட்டால் அது உளவியல் சிக்கலாக இருக்காது, ஷிப்ட் அட்டவணைச் சிக்கலாகிவிடும். அட்டவணையைத் திருத்தச் செலவாகும். நெஞ்சில் கை வைக்கச் செலவில்லை. ஆக, திட்டுகிற கங்காணி போய்த் தடவிக்கொடுக்கிற கங்காணி வந்திருக்கிறான். அவனுக்கும் தலைக்காசு உண்டு.

அதனால் என்னைப் பொறுத்தவரை இந்த நாட்டில் தன்மேல் பரிவின் முதல் பாடம் தியானம் அல்ல, வேலைவாய்ப்புச் சட்டம். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணிநேரம் என்று குறைத்திருக்கிறார்கள், முன்பு 48. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18 நாள், அதற்குமேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. இது யாரும் போடும் பிச்சை இல்லை. ஆனால் எம்சி எடுத்த நாளில் நம் ஆட்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். காய்ச்சலோடு படுத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சூப்பர்வைசர் என்ன நெனைப்பாரோ?" உடம்பு லயத்தில், மனசு பெரட்டில். எம்சி எடுத்தால் படு, தூங்கு, கஞ்சி குடி. குற்ற உணர்ச்சி இல்லாமல் எடுத்த ஒருநாள் எம்சி பத்து மனநல உரைக்குச் சமம்.

*

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். இயந்திரம் நின்றுபோனால் நாங்கள் அதைத் திட்டுவதில்லை. (திட்டுவோம். ஆனால் அறிக்கையில் எழுத மாட்டோம்.) தொயோத்தாவின் ஓனோ தாயிச்சி, 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கச் சொன்னார். அவர் தரும் உதாரணம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். இயந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்விட்டது.

முதல் 'ஏன்' ஓடு நிறுத்தியவன் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போவான். அடுத்த வாரம் அது மறுபடியும் போகும். "நான் சோம்பேறி", "எனக்குத் திறமை போதாது", "நான் வீக்" என்பதெல்லாம் முதல் 'ஏன்' ஓடு நின்றுபோன பதில்கள். திட்டுவது கறாரான ஆய்வு மாதிரி தோற்றம் தரும். உண்மையில் அது ஆய்வை நிறுத்திவிடுகிற வேலை. பரிவு இருந்தால்தான் இரண்டாவது 'ஏன்' கேட்கவே தைரியம் வரும். ஏனென்றால் பதிலில் அடி காத்திருக்காது. வேலையில் தப்பு நடந்தால் மறைக்கிறவன் யார்? திட்டுக்குப் பயந்தவன்தான். தனக்குள்ளேயே திட்டு வாங்குகிறவன் தன் தப்பைத் தன்னிடமிருந்தே மறைப்பான். ஆக, தன்மேல் பரிவு பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது என்பவர்களுக்கு என் பதில்: பொறுப்பு ஏற்கத் தேவையான முதல் கருவியே அதுதான்.

இன்னொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் இரயில் அச்சுகளை வருடக்கணக்காகச் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்க முடியாத சின்னச் சுமையும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பையும் உடைக்கும் என்று காட்டினார். பொறியியலில் இதற்குப் பெயரே சோர்வு. அந்த அச்சைப் பார்த்து "இந்தச் சின்னச் சுமைக்கா ஒடஞ்ச?" என்று எந்தப் பொறியாளரும் கேட்பதில்லை. மனுசனிடம் மட்டும் கேட்கிறோம்.

*

இனி மறுப்புகள். "உன் பாட்டி இப்படியெல்லாம் பேசிக்கிட்டா இருந்தாங்க? பத்துப் புள்ளைய வளத்தாங்களே?" வளர்த்தார்கள். அந்தக் கடுமை அவர்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. நின்றால் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் அரிசி இல்லை என்ற இடத்தில் உடம்பைத் திட்டி எழுப்புவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த தத்துவம் இல்லை. கால் வெந்தவன் ஓடினான் என்பதற்காக ஓட்டத்துக்கு நெருப்பு நல்லது என்று சொல்வோமா? இன்னொன்றையும் கேட்கிறேன். அந்தக் கடுமைக்குக் கொடுத்த விலை என்ன? கள்ளுக்கடைக்குப் போன தாத்தாக்களும், அவர்கள் திரும்பி வந்து அடித்த அடியும், யாரிடமும் சொல்லாமல் பாட்டிகள் சேர்த்துவைத்த மௌனமும் எந்தக் கணக்கில் வரும்? பாட்டியின் உழைப்பைக் கும்பிடுகிறேன். அவர் வாங்கிய வசையைச் சொத்தாக எழுதி வாங்கிக்கொள்ள மாட்டேன்.

"வலி நம்ம பண்பாட்டிலேயே இருக்கு, காவடி எடுக்கலையா?" இதுவும் கேட்டதுண்டு. தைப்பூசத்தன்று கண்ணைத் திறந்து பாருங்கள். காவடி எடுப்பவர் தனியாகப் போகிறாரா? முன்னால் ஒருவர் வழிவிடச் சொல்கிறார். பக்கத்தில் ஒருவர் தண்ணீர் வைத்திருக்கிறார். கால் தளர்ந்தால் உட்கார ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே நடக்கிறார். காலில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழம் வெட்டி, பாட்டுப் பாடிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கோயிலை அடைந்ததும் இறக்கிவைக்கிறார்கள். வலிக்குத் துணை இருக்கிறது, எல்லை இருக்கிறது, இறக்குமிடம் இருக்கிறது. நாம் நமக்குள் எடுக்கிற காவடிக்கு இதில் எது இருக்கிறது? வருடம் முழுக்க, ஆள் துணையில்லாமல், இறக்கவே இறக்காமல் சுமப்பதைப் பக்தி என்று முருகனே ஒத்துக்கொள்ள மாட்டார்.

நம் மரபில் கருணை என்பது நெஞ்சில் கை வைப்பதில் தொடங்கவில்லை, சோற்றில்தான் தொடங்கியது. மணிமேகலையின் கையில் இருந்தது பாத்திரம். வள்ளலார் 1867ல் வடலூரில் முதலில் திறந்தது தருமசாலை, அந்த அடுப்பு இன்றுவரை எரிகிறது. எல்லா உயிரின் பசியும் கணக்கில் வருகிற அந்தச் சீவகாருண்யத்தில் என் உயிர் மட்டும் ஏன் விடுபட வேண்டும்? வீட்டில் யார் வந்தாலும் நம் அம்மாக்கள் முதலில் கேட்பது "சாப்டியா?" என்றுதான். அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள எந்தப் பயிலரங்கும் வேண்டாம். சாப்டியா? தூங்குனியா? யாரோடயாவது பேசுனியா?

பழைய சொல் ஒன்றும் நம்மிடம் சும்மா கிடக்கிறது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குப் பெயர் கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லை நாம் பார்வைக்கோணம் என்ற பொருளில் மட்டும் பயன்படுத்துகிறோம். அங்கே அதன் பொருள், பார்க்கும்போதே இளகுகிற கண். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பொருட்பாலில், ஆளுகிறவனுக்குச் சொன்ன பகுதியில். 56 கொடுங்கோன்மை, 57 வெருவந்தசெய்யாமை, அதாவது குடிகளை அச்சுறுத்தாமல் இருப்பது, அதன் பிறகு கண்ணோட்டம். ஆள்வதற்குக் கண்ணோட்டம் தேவை என்றால் தன்னை ஆள்வதற்கு மட்டும் கொடுங்கோல் எதற்கு? இந்தச் சொல்லை நாம் மீட்டுக்கொள்ளலாம். அதில் பார்வையும் இருக்கிறது, இளக்கமும் இருக்கிறது. தன்னிரக்கத்தில் இல்லாதது அந்தப் பார்வைதான் என்று மேலே சொன்னேன்.

ஆகவே விமர்சகர்களுக்கு: தன்னிரக்கம் என்று எழுதும்போது அந்தப் படைப்பில் எந்த வரி 'மட்டும்' என்கிறது, எந்த வரி 'உம்' என்கிறது என்று காட்டிவிட்டு எழுதுங்கள். காட்ட முடியாவிட்டால் பிரம்பைக் கீழே வையுங்கள். நிறுவனங்களுக்கு: உரையை ரத்துசெய்துவிட்டு அந்தப் பணத்தில் ஷிப்டுக்கு இன்னும் ஓர் ஆளைப் போடுங்கள். என் வயதுக்காரர்களுக்கு: நாளை விடியற்காலை வரிசையில் நிற்கும்போது உள்ளே ஒருவன் திட்ட ஆரம்பித்தால், அவனுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று ஒருமுறை கேளுங்கள். அப்படியே பக்கத்து மோட்டாரில் இருப்பவரிடம் "அண்ணே, சாப்டீங்களா?" என்றும் கேளுங்கள்.